உளவியல் சோதனையும் மதிப்பீடும்: அடிப்படைகள்

உளவியல் சோதனை என்பது ஒருவருடைய அறிவுத்திறன், நாட்டம், ஆளுமை, மனநிலை முதலியவற்றின் ஒரு பகுதியை, எல்லோருக்கும் ஒரே மாதிரியான வினாக்களையும் செயல்களையும் கொடுத்து அளந்தறியும் முறையாகும். உளவியல் மதிப்பீடு என்பது இதைவிட விரிந்தது. சோதனை முடிவுகளுடன் நேர்காணல், உற்றுநோக்கல், பள்ளிப் பதிவேடு, மருத்துவக் குறிப்பு, குடும்பச் சூழல் ஆகிய அனைத்தையும் சேர்த்து ஒருவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவதே மதிப்பீடு எனப்படும்.

கல்வியியல் மாணவர்களுக்கு இது ஒரு பாடம். பெற்றோருக்கோ இது நடைமுறைத் தேவை. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதும் உதவித்தொகைத் தேர்விலும், மாற்றுத்திறனாளிச் சான்றிதழிலும் உளவியல் அளவீட்டின் கொள்கைகள் மறைந்து நிற்கின்றன. ஒரே ஒரு மதிப்பெண் வேறுபாட்டால் ஒரு குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமலும் போகலாம்.

சோதனைக்கும் மதிப்பீட்டுக்கும் உள்ள வேறுபாடு

காய்ச்சல் கண்டவருக்கு வெப்பமானி வைத்தால் 102 என்று காட்டும். அது சோதனை. அந்த எண்ணோடு நோயாளியின் பேச்சு, நாக்கு, இரத்தப் பரிசோதனை முடிவு, ஊரில் பரவியுள்ள நோய் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து இன்ன காய்ச்சல் என்று மருத்துவர் சொல்வது மதிப்பீடு. வெப்பமானி நோயின் பெயரைச் சொல்வதில்லை. அதுபோலவே நுண்ணறிவுச் சோதனையில் கிடைக்கும் எண் ஒரு குழந்தை யார் என்பதைச் சொல்வதில்லை. அன்றைய நாளில், அந்த வினாக்களுக்கு, அந்தச் சூழலில் அது எப்படிச் செயல்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது.

வரலாறு

இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் 1884இல் இலண்டனில் மனித அளவீட்டு ஆய்வகம் ஒன்றை அமைத்துப் பார்வைக் கூர்மை, செவித்திறன், எதிர்வினை நேரம் போன்றவற்றை அளந்தார். அமெரிக்காவின் ஜேம்ஸ் மெக்கீன் கேட்டல் 1890இல் ‘மனச் சோதனை’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார். இவ்வகை உடலியல் அளவுகள் பள்ளிப் படிப்பில் ஒரு பிள்ளை எப்படித் தேறும் என்பதைக் காட்டவில்லை.

திருப்பம் பிரான்சில் ஏற்பட்டது. வழக்கமான வகுப்பில் கற்க இயலாத குழந்தைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனிக் கற்பித்தல் அளிப்பது குறித்து ஆராய 1904இல் பிரெஞ்சு அரசு ஒரு குழுவை அமைத்தது. அதில் இடம்பெற்ற ஆல்ஃபிரட் பினே, தியோடர் சைமனுடன் சேர்ந்து 1905இல் 30 வினாக்கள் கொண்ட முதல் நுண்ணறிவு அளவுகோலை வெளியிட்டார். 1908இல் அது வயதுவாரியாகத் திருத்தப்பட்டது. ‘மனவயது’ என்னும் கருத்து அதிலிருந்து பரவியது. பினேயின் நோக்கம் உதவி தேவைப்படும் குழந்தையைக் கண்டறிவதே. நுண்ணறிவு பிறவியிலேயே நிலைபெற்றுவிட்டது, அதை மாற்ற முடியாது என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை.

1912இல் ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன் மனவயதைக் கால வயதால் வகுக்கும் முறையை முன்வைத்தார். 1916இல் லூயிஸ் டெர்மன் உருவாக்கிய ஸ்டான்ஃபோர்டு-பினே சோதனை, அந்த ஈவை 100ஆல் பெருக்கி ‘நுண்ணறிவு ஈவு’ (ஐ.கியூ.) என்று வழங்கியது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவம் 17 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குழுச் சோதனை நடத்தியது. எழுத்தறிந்தோருக்கு ‘ஆர்மி ஆல்ஃபா’, எழுத்தறியாதோருக்குப் படங்களால் ஆன ‘ஆர்மி பீட்டா’ என்று இரண்டு தாள்கள் இருந்தன. 1939இல் டேவிட் வெக்ஸ்லர் பெரியவர்களுக்கான அளவுகோலையும், 1949இல் குழந்தைகளுக்கான அளவுகோலையும் வெளியிட்டார்.

இந்தியாவில் உளச்சோதனைகள்

இந்தியாவில் உளவியல் தனித்துறையாக 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் உளவியல் துறை ஏற்பட்டது. அதன் முதல் தலைவர் ஜி. டி. போவாஸ்.

பினேயின் சோதனையை இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்றதாக மாற்றும் முயற்சியை 1920களில் லாகூரில் ஹெர்பர்ட் ரைஸ் மேற்கொண்டார். அடுத்து வி. வி. காமத் பம்பாய் மாகாணத்தில் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்காக 1934இல் உருவாக்கிய பினே-காமத் சோதனை நாடெங்கும் பரவியது. 1955இல் வெளிவந்த சி. எம். பாட்டியாவின் செயற்சோதனைத் தொகுதி, எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகளையும் கருத்தில் கொண்டு அமைக்கப்பட்டது. கட்டைகளை அடுக்குதல், தட்டில் உள்ள வண்ணக் கட்டைகளை நகர்த்துதல், உருவம் வரைதல், உடனடி நினைவு, படத்துண்டுகளை இணைத்தல் என்னும் ஐந்து பகுதிகள் அதில் உண்டு. வெக்ஸ்லரின் குழந்தைகள் அளவுகோலைத் தழுவி நாகபுரியில் ஆர்தர் மாலின் உருவாக்கிய இந்தியக் குழந்தைகளுக்கான நுண்ணறிவு அளவுகோல் 1969இல் வெளிவந்தது.

சோதனைகளின் வகைகள்

நடத்தும் முறையை வைத்துத் தனியாள் சோதனை, குழுச் சோதனை எனவும், பயன்படும் ஊடகத்தை வைத்துச் சொற்சோதனை, செயற்சோதனை எனவும் இவை பிரிக்கப்படும். அளக்கும் பண்பை வைத்துக் கீழ்வருமாறு வகைப்படுத்துவர்.

நுண்ணறிவுச் சோதனை: பொதுவான சிந்தனைத் திறனை அளப்பது. பினே-காமத், மாலின், ரேவன் படிநிலை அணிச் சோதனை ஆகியன எடுத்துக்காட்டுகள்.

அடைவுச் சோதனை: கற்றதை அளப்பது. பள்ளித் தேர்வுகள் இவ்வகையைச் சேர்ந்தவை.

நாட்டச் சோதனை: இனிமேல் ஒன்றைக் கற்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை முன்கூட்டி அறிவது.

ஆளுமைச் சோதனை: வினாநிரல் வடிவில் அமைவது ஒருவகை. 1943இல் வெளிவந்த மின்னசோட்டாப் பன்முக ஆளுமை வினாநிரல் இதில் புகழ்பெற்றது. தெளிவற்ற உருவத்தையோ படத்தையோ காட்டி, அதைப் பார்ப்பவர் சொல்வதிலிருந்து அவர் மனத்தை அறிய முயல்வது புறத்தேற்று நுண்முறை. 1921இல் வந்த ரோர்ஷாக் மைத்தடச் சோதனையும், 1935இல் வந்த பொருளறிவோடு புணர்த்தல் சோதனையும் இவ்வகை. இந்திய இராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியம் படத்தைப் பார்த்துக் கதை எழுதுதல், சொல்லுக்கு வாக்கியம் எழுதுதல் ஆகியவற்றை இன்றும் பயன்படுத்துகிறது.

சமூக முதிர்ச்சி அளவுகோல்: தானே உண்ணுதல், உடுத்துதல், கடைக்குச் சென்று வருதல் போன்ற அன்றாடத் திறன்களை அளப்பது. எட்கர் டால் 1935இல் அமைத்த வைன்லாந்து அளவுகோலின் இந்தியத் தழுவலை மாலின் உருவாக்கினார். குழந்தையிடம் வினா கேட்பதைவிட, அதை நன்கறிந்த தாயிடமோ பராமரிப்பவரிடமோ கேட்டே இது பெரும்பாலும் நிரப்பப்படுகிறது.

நல்ல சோதனையின் இயல்புகள்

தரப்படுத்துதல்: வினா, அறிவுரை, நேரம், திருத்தும் முறை அனைத்தும் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் குறிப்புக் கொடுத்துவிட்டு அதன் மதிப்பெண்ணை மற்றவர்களோடு ஒப்பிடக் கூடாது.

நம்பகத்தன்மை: மீண்டும் அளந்தாலும் ஏறத்தாழ அதே முடிவு கிடைப்பது. ஒரே சோதனையை இடைவெளி விட்டு மறுபடி கொடுத்தல், இணையான இரு வினாத்தாள்களைக் கொடுத்தல், ஒரே தாளை இரு பாதியாகப் பிரித்து ஒப்பிடுதல் ஆகிய வழிகளில் இதைக் கணக்கிடுவர். முடிவு ஒட்டுறவுக் கெழுவாகச் சொல்லப்படும். 1ஐ நெருங்க நெருங்க நம்பகத்தன்மை மிகுதி.

ஏற்புடைமை: எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதையே சோதனை அளப்பது. உள்ளடக்க ஏற்புடைமை, அளவை சார்ந்த ஏற்புடைமை, கருத்தமைப்பு ஏற்புடைமை என இது மூவகைப்படும்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வர். நெல் மூட்டையை எடைபோடும் தராசு ஒவ்வொரு முறையும் சரியாக 2 கிலோ குறைத்தே காட்டுகிறது என்று கொள்வோம. பத்து முறை வைத்தாலும் அதே எடைதான். அந்தத் தராசுக்கு நம்பகத்தன்மை உண்டு, ஏற்புடைமை இல்லை. விவசாயிக்கு இழப்பு ஒவ்வொரு மூட்டையிலும் ஏற்படும். தமிழில் மட்டும் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் நுண்ணறிவுச் சோதனை நடத்தினாலும் இதே நிலைதான். எத்தனை முறை நடத்தினாலும் குறைந்த மதிப்பெண்ணே வரும். அங்கே அளக்கப்படுவது நுண்ணறிவு அன்று, ஆங்கில அறிவு.

நெறியளவு: ஒரு சோதனையில் 60க்கு 40 வாங்கினான் என்றால் அதிலிருந்து எதுவும் தெரியாது. அதே வயதுடைய, ஒத்த சூழலில் வாழும் பெருந்தொகையான குழந்தைகள் எவ்வளவு வாங்கினர் என்று தெரிந்தால்தான் 40 என்பதன் பொருள் விளங்கும். அந்த ஒப்பீட்டு அட்டவணையே நெறியளவு. இது காலத்தோடு பழையதாகும். 20ஆம் நூற்றாண்டில் பல நாடுகளில் சராசரி மதிப்பெண் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 புள்ளி வீதம் உயர்ந்து வந்ததை ஜேம்ஸ் ஃபிளின் 1980களில் எடுத்துக்காட்டினார். ஆகவே அரை நூற்றாண்டுக்கு முந்தைய அட்டவணையோடு இன்றைய குழந்தையை ஒப்பிடுவதில் எச்சரிக்கை தேவை.

மதிப்பெண்ணைப் படிக்கும் முறை

தொடக்க கால முறையில் நுண்ணறிவு ஈவு = (மனவயது ÷ கால வயது) × 100. எட்டு வயதுக் குழந்தை ஆறு வயதுக்குரிய வினாக்கள் வரை மட்டும் விடையளித்தால் ஈவு 75. வளர்ந்தோருக்கு இம்முறை பொருந்தாது. நாற்பது வயதுக்காரரின் மனவயது இருபது வயதுக்காரரைப் போல இரு மடங்காக இராது. எனவே வெக்ஸ்லர் அளவுகோல்களில் அதே வயதினரின் சராசரி 100 என்றும், திட்ட விலக்கம் 15 என்றும் வைத்துக் கணக்கிடுகின்றனர். இதன்படி ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் 85க்கும் 115க்கும் இடையில் இருப்பர். 70க்குக் கீழே இருப்போர் நூற்றுக்கு இரண்டு பேர் அளவே.

எந்த மதிப்பெண்ணிலும் அளவீட்டுப் பிழை உண்டு. அதைக் கணக்கிடும் வழி: திட்ட விலக்கத்தை, (1 − நம்பகக் கெழு) என்பதன் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். நம்பகக் கெழு 0.91 என்றால் 1 − 0.91 = 0.09. அதன் வர்க்கமூலம் 0.3. எனவே பிழை 15 × 0.3 = 4.5 புள்ளி. 95 விழுக்காடு உறுதியுடன் சொல்ல வேண்டுமெனில் இதன் ஏறத்தாழ இரு மடங்கு, அதாவது 9 புள்ளி, இருபுறமும் விட வேண்டும். ஒரு குழந்தை 68 வாங்கியிருந்தால் அதன் உண்மையான நிலை 59 முதல் 77 வரை எங்கும் இருக்கலாம். நல்ல அறிக்கை ஒற்றை எண்ணை மட்டும் எழுதாமல் இந்த வீச்சையும் எழுதும்.

விழுக்காட்டையும் சதமானத்தையும் ஒன்றாகக் கருதக் கூடாது. 75ஆம் சதமானம் என்றால் நூற்றுக்கு 75 மதிப்பெண் என்று பொருளன்று. ஒப்பிடப்பட்டவர்களில் 75 விழுக்காட்டினரைவிட மேலே நிற்கிறார் என்று பொருள்.

தேர்ந்தெடுக்கும் சோதனை: ஓர் எடுத்துக்காட்டு

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளின் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வு (என்.எம்.எம்.எஸ்.) பலரும் அறிந்தது. இதில் மனத்திறன் தேர்வு 90 வினாக்களும், படிப்பறிவுத் தேர்வு 90 வினாக்களும் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். தேர்ச்சி பெற்றுத் தெரிவு செய்யப்படுவோருக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 6,695.

ஒரே பள்ளி நாளில் நாட்டச் சோதனையையும் அடைவுச் சோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இத்தேர்வு உதவுகிறது. எண் தொடர், ஒப்புமை, வேறுபட்டதைக் கண்டறிதல், மறைந்துள்ள உருவம் ஆகியவை மனத்திறன் பகுதியில் வரும். பாடநூல் அறிவு இரண்டாம் பகுதியில் வரும்.

இங்கே நினைவிற்கொள்ள வேண்டியது நோக்கம். இது உள்ள இடங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் குழுச் சோதனை. அறிவுத்திறன் குறைவைக் கண்டறியும் சோதனை அன்று. இடங்கள் குறைவாக இருப்பதால் நன்றாகச் செய்த பலரும் பட்டியலுக்கு வெளியே நிற்பர். தவிர, மாதிரித் தாள்களில் பயிற்சி பெற்றோருக்கு மதிப்பெண் உயரும். பயிற்சியே கிடைக்காத சிற்றூர்ப் பள்ளி மாணவி இடம்பெறவில்லை என்பதால் ‘மனத்திறன் குறைவு’ என்ற முடிவுக்கு வருவது தவறு.

கண்டறியும் மதிப்பீடு: ஓர் எடுத்துக்காட்டு

திண்டிவனம் அருகே ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பில் ஒன்பது வயதுச் சிறுவன் இருப்பதாகக் கொள்வோம். கணக்கை வாயால் சொல்கிறான். விளையாட்டில் சுறுசுறுப்பு. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை. எழுதினால் எழுத்துகள் இடம் மாறுகின்றன. ‘மக்கு’ என்ற பெயர் வகுப்பில் நிலைத்துவிட்டது. முறையான மதிப்பீடு கீழ்க்காணும் வரிசையில் அமையும்.

முதலில் கண்ணும் காதும். கரும்பலகை தெரியாத பிள்ளையும், காதில் சீழ் வடியும் பிள்ளையும் படிப்பில் பின்தங்கியே தோன்றுவர். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் இதைக் காட்டலாம்.

இரண்டாவது, பள்ளி வருகை. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் பெற்றோர் இடம்பெயரும்போது உடன்செல்லும் குழந்தைகள் பல மாதங்கள் வகுப்பை இழக்கின்றனர். அவர்கள் படிக்காததற்குக் காரணம் கற்பிக்கப்படாமையே. அதைக் குறைபாடு எனக் கூறலாகாது.

மூன்றாவது, ஆசிரியரின் குறிப்பேடு. எதைச் செய்கிறான், எங்கே தடுமாறுகிறான் என்பதை நாள் குறித்து எழுதிய சில பக்கங்கள் உளவியலாளருக்குப் பெரிதும் பயன்படும். வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியர் இக்கட்டத்தில் வழிகாட்டுவார்.

நான்காவதே சோதனை. விழுப்புரம் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் உள்ளது. சான்றிதழ் தொடர்பான வழிகாட்டலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பெறலாம். நுண்ணறிவுச் சோதனையில் இச்சிறுவன் சராசரி நிலையில் இருந்து, வாசிப்பிலும் எழுத்திலும் மட்டும் மிகவும் பின்தங்கியிருந்தால் அது குறிப்பிட்ட கற்றல் குறைபாடாக இருக்கலாம். நுண்ணறிவு, அன்றாடத் திறன் இரண்டும் தாழ்ந்திருந்தால் அறிவுத்திறன் குறைபாடு எனக் கருத இடமுண்டு. இரண்டுக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு. முதல் வகைச் சிறுவனை இரண்டாம் வகை என்று முத்திரை குத்திவிட்டால் அவன் படித்து முன்னேறும் வழி அடைபடும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 குறைபாட்டு வகைகளை 7லிருந்து 21ஆக உயர்த்தி, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட நெறிமுறை, இதற்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சோதனைத் தொகுதியைப் பயன்படுத்தச் சொன்னது. எட்டு வயது நிறைந்த பிறகே சான்றிதழ் என்றும், 14, 18 வயதுகளில் மறுபடி மதிப்பிட வேண்டும் என்றும் வகுத்தது. சான்று பெற்ற மாணவருக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு.

அறிவுத்திறன் குறைபாட்டுக்கு அதே நெறிமுறை வைன்லாந்து அளவுகோலின் சமூக ஈவை வைத்து விழுக்காடு வகுத்தது:

0–20: 100 விழுக்காடு
21–35: 90 விழுக்காடு
36–54: 75 விழுக்காடு
55–69: 50 விழுக்காடு
70–84: 25 விழுக்காடு

சட்டப்படியான பல உரிமைகளுக்கு 40 விழுக்காடு குறைந்தபட்ச எல்லை. எனவே 69 பெற்ற குழந்தைக்கு 50 விழுக்காடு, உதவி உண்டு. 70 பெற்ற குழந்தைக்கு 25 விழுக்காடு, பெரும்பாலான உதவிகள் இல்லை. இடையில் உள்ளது ஒரே புள்ளி. முன்பு கண்ட அளவீட்டுப் பிழையோ அதைவிடப் பல மடங்கு பெரிது. தாய் கூச்சத்தால் ‘எல்லாம் அவனே செய்வான்’ என்று கூட்டிச் சொன்னாலும், அச்சத்தால் ‘ஒன்றும் தெரியாது’ என்று குறைத்துச் சொன்னாலும் இந்தப் புள்ளி மாறிவிடும். எல்லைக்கோட்டருகே நிற்கும் குழந்தைக்கு மறுமதிப்பீடு கேட்பது சலுகை அன்று, அறிவியலுக்கு உகந்த கோரிக்கை. நெறிமுறைகள் அவ்வப்போது திருத்தப்படுவதால் நடப்பு விதியை அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

மொழியும் பண்பாடும்

1970இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டயானா வழக்கு நடந்தது. வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது குழந்தைகள் ஆங்கிலத்தில் சோதிக்கப்பட்டு, அறிவு குன்றியோர் வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தனர். தாய்மொழியில் மறுபடி சோதித்தபோது அவர்களுள் பெரும்பாலோர் எல்லைக்கோட்டுக்கு மேலே வந்தனர். குழந்தையின் முதன்மை மொழியில் சோதிக்க வேண்டும் என்ற உடன்பாட்டோடு வழக்கு முடிந்தது.

தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். சொற்களை மட்டும் மொழிபெயர்த்தால் போதாது. பனிப்பொம்மை படத்தில் எது குறைகிறது என்று கேட்டால் மரக்காணம் உப்பளத்துப் பிள்ளை விழிக்கும். நுங்கு வண்டியில் எது குறைகிறது என்று கேட்டால் உடனே சொல்லும். நூல்தமிழில் கேட்ட வினா புரியாத இருளர் குடியிருப்புக் குழந்தைக்கு அதன் வீட்டுப் பேச்சில் கேட்டால் விடை வரலாம். சொற்சோதனையோடு செயற்சோதனையையும் சேர்த்து நடத்துவதற்கு இதுவே காரணம்.

நெறிகளும் தவறான பயன்பாடுகளும்

சோதனையின் நோக்கத்தைப் பெற்றோருக்கு விளக்கி ஒப்புதல் பெறுதல், முடிவை மறைவாக வைத்தல், வினாக்களை வெளியிடாமல் காத்தல், முடிவைப் புரியும் மொழியில் எடுத்துரைத்தல் ஆகியவை அடிப்படை நெறிகள். மருத்துவ உளவியலாளர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆசிரியர் சந்தேகத்தைக் குறித்து அனுப்பலாமே தவிர, குறைபாட்டின் பெயரைத் தாமே சூட்டக் கூடாது.

கைரேகையைப் பதிவு செய்து குழந்தையின் நுண்ணறிவையும் எதிர்காலத் தொழிலையும் கூறுவதாக விற்கப்படும் சோதனைகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை. அவற்றுக்கு மேலே சொன்ன ஏற்புடைமை நிறுவப்படவில்லை. கைப்பேசியில் பத்து நிமிடத்தில் ஐ.கியூ. சொல்லும் விளையாட்டுகளும் அவ்வாறே.

பெற்றோர் கேட்க வேண்டிய வினாக்கள்

ஓர் அறிக்கை கைக்கு வரும்போது கீழ்க்காணும் வினாக்களைத் தயங்காமல் கேட்கலாம்.

எந்தச் சோதனை நடத்தப்பட்டது? அது எதை அளக்கிறது?
எந்த மொழியில் நடத்தப்பட்டது?
எந்தக் குழந்தைகளோடு, எந்த ஆண்டு நெறியளவோடு ஒப்பிடப்பட்டது?
இந்த எண்ணில் எவ்வளவு பிழை இருக்கலாம்?
அன்று குழந்தைக்குக் காய்ச்சலோ பசியோ அச்சமோ இருந்ததா?
மறுமதிப்பீடு எப்போது?
நாளை முதல் வீட்டிலும் பள்ளியிலும் என்ன செய்ய வேண்டும்?

கடைசி வினாவுக்கு விடை இல்லாத அறிக்கை முழுமையானது அன்று. உதவி தேவைப்படும் பிள்ளையைக் கண்டறிந்து உதவுவதற்காகவே 1905இல் இந்த அளவுகோல் பிறந்தது. அதன் பயனையும் அதைக் கொண்டே அளக்க வேண்டும்.